ஒரே பெரிய சர்வரா, தனித்தனி மெஷினா? (திருப்பூர், பனியன் கம்பெனி)

செல்வா_பின்னல்: எங்கள் கம்பெனியில் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஆர்டரும் ஸ்டாக்கும் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் இன்னொன்றில், கைரேகை வருகைப்பதிவு மூன்றாவதில், டிசைன் ஃபைல்கள் நான்காவதில். நான்குமே சாதா டெஸ்க்டாப். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் ஏற்றிவிடலாம் என்கிறார் சப்ளையர். ஏற்றலாமா?

தணிகை: தாராளமாக ஏற்றுங்கள். நான்கு டெஸ்க்டாப் என்றால் நான்கு யூபிஎஸ் பேட்டரி, நான்கு அப்டேட். யாரும் ஒழுங்காகக் கவனிப்பதில்லை. சர்வரில் இரட்டை பவர் சப்ளை, பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி, டிஸ்க் போனால் தாங்கும் ரெய்டு எல்லாம் கிடைக்கும். ஒரே பெட்டியைப் பல கம்ப்யூட்டர் போல இயக்கும் ஹைப்பர்-வி அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ஒவ்வொன்றையும் தனி விர்ச்சுவல் மெஷினாகப் பிரித்துவிடலாம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒன்றுக்கு 2 விர்ச்சுவல் மெஷினுக்கு அனுமதி உண்டு.

ஜெயந்தி_ஈரோடு: தணிகை சார், மதர்போர்டு போனால்? தூத்துக்குடிக்குச் சரக்கு கிளம்பும் நாளில் இன்வாய்ஸும் சரக்கு கொண்டுபோகத் தேவையான இ-வே பில்லும் போட முடியாமல் நிற்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் மாலைக்குள் கடையில் வேறு வாங்கிவிடலாம், சர்வர் போர்டு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஈஆர்பி படுத்தாலும் வருகைப்பதிவு ஓடினால் சனிக்கிழமை கூலி கணக்காவது நடக்கும். ஆட்களுக்குக் கூலி தள்ளிப்போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தணிகை: கூலி விஷயம் நியாயம். ஆனால் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லையே மேடம். ஈஆர்பி மெஷின் செத்தால் டாலி மெஷின் அதன் வேலையைச் செய்யாது. நான்கு பழைய பெட்டி இருந்தால் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்புதான் கூடும். உண்மையிலேயே மாற்றாக வைத்தாலும் சிக்கல் தீராது. 2018 அக்டோபர் 21 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் வெறும் 43 விநாடி நெட்வொர்க் இணைப்பு அறுந்தது. அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த டேட்டாபேஸ்களில், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் தனித்தனியாகப் பதிவுகள் விழுந்துவிட்டன. சரிசெய்ய 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்களிடம் இருக்கும் ஆட்கள் செல்வாவிடம் இல்லை.

ஜெயந்தி_ஈரோடு: கிட்ஹப் அளவுக்கு யாரும் இங்கே கட்டப் போவதில்லை சார். இன்னொன்று, ஈஆர்பி போன்றவை பயன்படுத்தும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரை அப்படியே போட்டால் இருக்கும் மெமரியை எல்லாம் எடுத்துக்கொள்ளும். கூடவே டாலி இருந்தால் திணறும்.

தணிகை: அதற்கு மேக்ஸ் மெமரி என்று ஒரு செட்டிங் இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினிலும் அளவு கட்டலாம். இதற்காகப் பெட்டி வாங்க வேண்டாம்.

பாஸ்கரன்: இடையில் ஒரு கேள்வி. செல்வா, பேக்கப் எங்கே இருக்கிறது? 2017 ஜனவரி 31-இல், கிட்ஹப் போன்ற இன்னொரு நிறுவனமான கிட்லேபில் ஒருவர் தவறான மெஷினில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ரெப்ளிகாவும் (இன்னொரு மெஷினுக்கு உடனுக்குடன் போகும் நகல்) இருந்தது, பல வகை பேக்கப்பும் இருந்தது. ஒன்றும் சரியாக உதவவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன் எடுத்த நகல்தான் காப்பாற்றியது.

செல்வா_பின்னல்: எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று ஈஆர்பி மெஷினிலேயே எப்போதும் செருகி இருக்கிறது அண்ணா. ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை.

ஜெயந்தி_ஈரோடு: தம்பி, முதலில் அதைக் கழற்றுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அப்புறம், பெரிய சர்வருக்கு வைத்திருக்கும் பணத்தில் நடுத்தரமாக இரண்டு வாங்குங்கள். ஒன்றில் வேலை ஓடட்டும், ஹைப்பர்-வி ரெப்ளிகா அதை இரண்டாவதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தணிகை: இரண்டாவதுக்கும் லைசென்ஸ் செலவு வரும், அதைக் கணக்கில் சேருங்கள். என்னைக் கேட்டால் ஒரு சர்வரும், அவசரத்துக்கு ஒரு நல்ல டெஸ்க்டாப்பும், கட்டடத்துக்கு வெளியே ஒரு பேக்கப்பும் போதும். அந்த டெஸ்க்டாப்பில் மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து ஒரு பில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜெயந்தி_ஈரோடு: மாதாமாதம் அதை யார் செய்வார்கள்? அங்கே ஐடி ஆள் இருக்கிறாரா?

செல்வா_பின்னல்: இல்லை அக்கா, அக்கவுன்ட்ஸ் பார்க்கும் நான்தான். கட்டிங் யூனிட் தனிக் கட்டடம், அதுவரை ஃபைபர் போட்டிருக்கிறோம். இரண்டாவது சர்வரை அங்கே வைத்தால் எவ்வளவு ஆகும் என்று சப்ளையரிடம் தனி கொட்டேஷன் கேட்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.