ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாத்துறோம், எதெல்லாம் கவனிக்கணும்?

கேள்வி (காட்பாடி): பொண்ணு அஞ்சாவது முடிக்கிறா. ஆறாவதுக்கு வேற ஸ்கூல். என்னென்ன பேப்பர் வேணுங்க? கணக்குல வேற பின்தங்கிடுவாளோன்னு பயம்.

பதில் (வேலூர்): டி.சி. கைக்கு வந்தா மட்டும் போதாதுங்க. பழைய பள்ளி எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) அவ பேரை விடுவிக்கணும், இல்லேன்னா புதுப் பள்ளியில ஏத்த முடியாது. ஜூன்ல பலர் அலையுறது இதுக்குத்தான். ஆதார், பிறப்புச் சான்று, டி.சி. மூணுலயும் பேர், இனிஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகுதான்னு டி.சி. வாங்கும்போதே அங்கேயே பாருங்க. சாதிச் சான்று இல்லேன்னா இப்பவே இ-சேவை மையத்துல போட்டுடுங்க.

பதில் (குடியாத்தம்): அரசுப் பள்ளியா தனியாரான்னு முடிவாகலேன்னா இதையும் யோசிங்க. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். தனியார்ல ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்துல எட்டு வரை படிச்சு, ஒன்பதுலேர்ந்து அரசுப் பள்ளிக்கு வர்றவங்களுக்கும் உண்டு. காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய்க்கும் ஆறாவதுலேர்ந்துதான் பார்ப்பாங்க.

பதில் (அணைக்கட்டு): கணக்குக்கு லீவுல தினம் 20 நிமிஷம் போதும்மா. வாய்ப்பாடு, நீள் வகுத்தல், பின்னம். வகுத்தல்ல நடுவுல பூஜ்யத்தை விட்டுடுவாங்க: 612-ஐ 6-ஆல் வகுத்தா 102, பிள்ளைங்க 12-னு எழுதும். விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்க, அவளே கண்டுபிடிப்பா.