டென்னிஸ் நிருபருக்கு டென்னிஸ் தெரிய வேண்டுமா?

கோச்_மாறன், டர்பன்:
நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ஜூனியர் போட்டிக்குப் போய் வந்தேன். நன்றாக ஆடக்கூடிய ஒரு பெண் இரண்டாம் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். மறுநாள் ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. அழுத்தம் தாங்காமல் சரிந்துவிட்டாளாம், அன்ஃபோர்ஸ்டு எரராக, அதாவது எதிராளி நெருக்காமலே தானாகச் செய்த தவறாக, குவித்தாளாம். எழுதியவர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ராக்கெட்டைக் கையில் பிடித்திருப்பாரா?

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு, பந்து நிற்காமல் பறக்கும், தரையில் பட்டால் தோளுக்கு மேலே எழும்பும். இந்த மாதிரி உயரத்துக்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தனிப் பந்து ஒன்றுக்கு அனுமதி வைத்திருக்கிறது. நாங்களோ டர்பன் கடற்கரையில், ஈரக்காற்றில், பந்தின் மேல் பஞ்சு உப்பிப்போய்க் கனமாக வருகிற இடத்தில் பழகுகிறவர்கள். இங்கே கோட்டுக்கு ஒரு அடி உள்ளே விழுகிற ஃபோர்ஹேண்ட், அங்கே அதே வேகத்தில் அடித்தால் கோட்டுக்கு வெளியே போய் விழும். பந்தை அடக்குவதற்காக ராக்கெட் ஸ்ட்ரிங்கை இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக இறுக்கிக் கட்டித்தான் கொண்டுபோனோம், அப்படியும் அவள் கைக்குப் பழகவே ஒரு செட் போய்விட்டது. இதில் மனசு எங்கே சரிந்தது? ஆடத் தெரியாதவர்கள் டென்னிஸ் பற்றி எழுதவே கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

பீனிக்ஸ்_சரோ:
மாறன் அண்ணா, கோபம் நியாயம், ஆனால் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். நான் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்தவள். அந்த நாலு வரி எப்படி வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அதை எழுதிய பையன் மைதானத்துக்கே போயிருக்க மாட்டான். யாரோ ஸ்கோரையும் ஒரு எண்ணிக்கைத் தாளையும் அனுப்பியிருப்பார்கள், இவன் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வாக்கியமாக்கியிருப்பான். சனிக்கிழமை ரக்பி, ஞாயிறு கால்பந்து, வருடத்துக்கு ஒரு தடவை காம்ரேட்ஸ் மாரத்தான், நடுவில் யாராவது தூக்கிப்போட்டால் டென்னிஸ். நம் ஊரில் டென்னிஸுக்கென்று தனி நிருபர் வைத்திருக்கிற பத்திரிகையை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பெரிய போட்டிக்கு அனுப்பினாலும் கதை அதேதான். விம்பிள்டன் முதல் நாளில் மட்டும் 64 ஒற்றையர் ஆட்டங்கள், 18 கோர்ட்டுகளில். ஒரு மனுஷன் எதைப் பார்ப்பான்? அவனுக்கு ஆடத் தெரிந்திருந்தாலும் 18 கோர்ட்டில் உட்கார 18 உடம்பு வேண்டாமா?

கோச்_மாறன், டர்பன்:
சரி சரோ, அவன் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஸ்கோரை மட்டும் போட வேண்டியதுதானே? பார்க்காத ஆட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணின் மனசுக்குள் என்ன நடந்தது என்று எழுத யார் கேட்டார்கள்? எனக்கு எரிச்சலே அங்கேதான். அன்ஃபோர்ஸ்டு எரர் என்பது ஏதோ தராசில் நிறுத்து எடுத்த எடை இல்லை. கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் ‘இது இவளே செய்த தவறு’, ‘இது எதிராளி செய்ய வைத்த தவறு’ என்று அந்த நொடியில் பொத்தானை அழுத்துகிறார். அடுத்த ஆள் உட்கார்ந்தால் எண்ணிக்கை மாறும். ஆடியவனுக்கு இது தெரியும், ஆடாதவன் அந்தத் தாளை வேதமாக எடுத்துக்கொள்கிறான்.

அமெரிக்காவில் பட் காலின்ஸ் என்று ஒருவர் இருந்தார், கலர் கலராகப் பேண்ட் போட்டுக்கொண்டு டிவியில் வருவாரே, அவர்தான். அடிப்படையில் பத்திரிகைக்காரர். ஆனால் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பயிற்சி கொடுத்தவர், 1961-இல் அமெரிக்க உள்ளரங்கப் போட்டியில் கலப்பு இரட்டையர் பட்டமே ஜெயித்தவர். அப்படி ஒருவர் எழுதினால் உட்கார்ந்து படிக்கலாம்.

கிரிக்கெட்_மட்டும்:
சமைக்கத் தெரியாதவன் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லக்கூடாதா?

கோச்_மாறன், டர்பன்:
தாராளமாகச் சொல்லட்டும். உப்பு ஏன் குறைந்தது, சமைத்தவளுக்கு மனத்திடம் இல்லை அதனால் குறைந்தது என்று பேப்பரில் போடக்கூடாது.

கேப்டவுன்_கௌசி:
மாறன் அங்கிள், சரோ ஆன்ட்டி, ரெண்டு பேரும் நடந்து ஆடுகிற டென்னிஸைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் நாட்டு வீல்சேர் டென்னிஸ் வீராங்கனை கோதாட்சோ மோன்ட்ஜானே பற்றி நம் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் நான் தேடித் தேடிப் படிப்பவள். 2018-இல் விம்பிள்டனில் ஆடிய முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண், 2021-இல் அங்கேயே இறுதி ஆட்டம், 2023-இல் ஜப்பானின் யூய் கமிஜியோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் இரட்டையர் பட்டம், அப்புறம் அதே வருடம் அமெரிக்க ஓப்பனும். நம் ஊர்க் கட்டுரைகளில் என்ன இருக்கும்? லிம்போபோ, ஏழ்மை, கால், கண்ணீர், ஊக்கம். அவர் எப்படி ஆடுகிறார் என்று ஒரு வரி இருக்காது.

வீல்சேர் டென்னிஸில் பந்து இரண்டு தடவை துள்ளலாம், இரண்டாவது துள்ளல் கோர்ட்டுக்கு வெளியே விழுந்தாலும் செல்லும். அந்த ஒரு விதியால் ஆட்டத்தின் கணக்கே மாறிப்போகிறது. ராக்கெட்டைப் பிடித்த கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும், அடித்து முடித்த உடனே நாற்காலியைத் திருப்பாவிட்டால் அடுத்த பந்து போச்சு, உயரமாகத் துள்ளுகிற பந்துதான் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பெரிய தலைவலி. இதையெல்லாம் எழுத ராக்கெட் பிடித்திருக்கத் தேவையில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை, ஒரு சாயங்காலம் ஒழுங்காகப் பார்த்தாலே போதும். நான் எந்த டென்னிஸும் ஆடியதில்லை, எனக்குத் தெரிகிறதே. ஆகவே மாறன் அங்கிள் கட்சி எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காக சரோ ஆன்ட்டி சொல்கிற ‘நேரமில்லை, ஆளில்லை’ கட்சியும் இல்லை. கண்ணீரைப் பற்றி எழுத மட்டும் முழுப் பக்கம் இருந்ததே.

பீனிக்ஸ்_சரோ:
கௌசி, அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கட்டும். ஆனால் மாறன் அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நூற்றாண்டில் டென்னிஸையே உலுக்கிய பத்திரிகை வேலை எது? என்னைக் கேட்டால் 2016 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்குகிற சமயத்தில் பிபிசியும் பஸ்ஃபீட் நியூஸும் சேர்ந்து வெளியிட்ட சூதாட்டச் செய்தி. ஆட்டத்தைக் காசுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தைப் பந்தயப் பணம் போன போக்கையும் உள்ளே கசிந்த ஆவணங்களையும் வைத்துப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தனி விசாரணைக் குழு, 2018 டிசம்பரில் அதன் அறிக்கை, 2021-இலிருந்து டென்னிஸ் நேர்மைக்கென்று தனி அமைப்பு. பேக்ஹேண்ட் எப்படிப் பிடிப்பது என்று தெரிந்ததால் வந்த செய்தியா இது? கணக்குப் பார்க்கத் தெரிந்ததால் வந்தது. ஆட்டம் தெரிந்த அத்தனை பேரும் அதே மைதானங்களில்தான் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

டோங்காட்_தாத்தா:
சரோ சொல்வதை நான் இன்னும் பின்னால் போய்ச் சொல்கிறேன். நாடுகளுக்கு இடையே நடக்கிற டேவிஸ் கோப்பையை 1974-இல் ஜெயித்தது யார் என்று கேட்டால் தென்னாப்பிரிக்கா என்று பட்டியலில் இருக்கும். இறுதி ஆட்டத்தில் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. எதிரணி இந்தியா, நம் சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அணி. அரையிறுதியில் சோவியத் யூனியனைத் தோற்கடித்து வந்தவர்கள். இந்த நாட்டின் நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. ஜெயித்தே இருக்கலாம் என்று எங்கள் தெருவில் அன்றைக்கும் சண்டை, இன்றைக்கும் சண்டை. இன்றைக்கும் சில கட்டுரைகளில் ‘1974-இல் டேவிஸ் கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்கா’ என்று ஒற்றை வரியாக எழுதிவிட்டுப் போகிறார்கள். எழுதுகிறவருக்கு டாப் ஸ்பின் தெரியும், ஸ்லைஸ் தெரியும், இது தெரியாது. அல்லது தெரிந்தும் எழுதவில்லை, அது இன்னும் மோசம்.

நம்ம டர்பன் பையன் ஹூசேன் போபட், 1971-இல் விம்பிள்டன் ஜூனியருக்கு அவர் பெயரை ஏற்றுக்கொண்டு, அப்புறம் வெள்ளையர் டென்னிஸ் சங்கம் குறுக்கே விழுந்ததால் ஆடவிடாமல் செய்தார்கள். அந்தக் கதை பெரிய பத்திரிகைகளில் பரவலாக வர எத்தனை பத்தாண்டு ஆனது என்று பாருங்கள். அன்றைக்கு டென்னிஸ் தெரிந்த நிருபர்களுக்கா பஞ்சம்?

கோச்_மாறன், டர்பன்:
தாத்தா, உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச எனக்கு வாய் வராது. ஆனால் நீங்களும் சரோவும் சொல்வது வேறு வேலை. சூதாட்டம், அரசியல், இனவெறி, இதையெல்லாம் எழுத நல்ல பத்திரிகைக்காரன் வேண்டும், மறுக்கவில்லை. நான் கேட்பது ஆட்டத்தைப் பற்றி. கோர்ட்டுக்குள் நடந்ததை எழுதுகிறவருக்கு அது ஏன் நடந்தது என்று தெரிய வேண்டாமா?

கெவின் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆள், ஆறடி எட்டங்குலம். உயரமானவர், சர்வ் போடுவார், போரடிப்பார், இதைத் தவிர வேறு எழுதினார்களா? 2018 விம்பிள்டன் காலிறுதியில் ஃபெடரரிடம் முதல் இரண்டு செட்டை இழந்து, இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தோல்வி என்கிற மேட்ச் பாயிண்டையும் தாண்டி, கடைசி செட்டை 13-11 என்று ஜெயித்தார். வெறும் சர்வை வைத்துக்கொண்டு ஃபெடரரை அப்படித் திருப்பிவிட முடியுமா? ஃபெடரரின் இரண்டாவது சர்வை எங்கே நின்று எடுத்தார், பேஸ்லைனில் எத்தனை ராலி தாக்குப்பிடித்தார், இதைப் பார்த்துச் சொல்ல ஆடிய கண் வேண்டும்.

கிரிக்கெட்_மட்டும்:
ஆடிய கண்கள்தான் டிவியில் நிறைய இருக்கிறதே, ‘இவருக்கு இன்றைக்கு வெறி அதிகம்’ என்று முன்னாள் சாம்பியன்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. உங்கள் பெண் சரிந்துவிட்டாள் என்று எழுதியவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

டோங்காட்_தாத்தா:
எல்லாரையும் அப்படிச் சொல்லாதே தம்பி. கிளிஃப் டிரைஸ்டேல் நம் நாட்டவர்தான். இரண்டு கை பேக்ஹேண்ட் அபூர்வமாக இருந்த காலத்தில் அதை வைத்துக்கொண்டு 1965-இல் அமெரிக்க இறுதி ஆட்டம் வரை போனார், 1972-இல் ஏடிபி என்ற ஆண் ஆட்டக்காரர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர், 1979-இலிருந்து ஈஎஸ்பிஎன்னில் வர்ணனை. அவர் பேசினால் அளவாக இருக்கும், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருப்பார்.

பீனிக்ஸ்_சரோ:
மாறன் அண்ணா, ஆண்டர்சனை நீங்களே கொண்டுவந்தீர்கள், நான் சும்மா விடுவேனா. அந்தக் காலிறுதிக்கு அடுத்த ஆட்டம் ஜான் இஸ்னரோடு, ஆறு மணி 36 நிமிடம், கடைசி செட் 26-24. அதில் 24-24 இருக்கும்போது இஸ்னர் சர்வில் ஒரு பாயிண்ட், ஞாபகம் இருக்கிறதா? ஆண்டர்சன் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார், எழுந்த வேகத்தில் ராக்கெட்டை இடது கைக்கு மாற்றி ஒரு அடி, பந்து உள்ளே விழுந்தது, அந்தப் பாயிண்டையும் எடுத்தார், இஸ்னர் சர்வ் போட்ட அந்த கேமையும் பறித்தார். ஆடிய கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? அதிர்ஷ்டம் என்று தெரிந்திருக்கும். சின்ன வயதில் முழங்கையில் அறுவை சிகிச்சை ஆகி, கொஞ்ச மாதம் இடது கையால் ஆடிப் பழகியவர் அவர். இது ஆட்டம் முடிந்து அவரே வாய் திறந்து சொன்னது. கோர்ட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த முழங்கை தெரியாது அண்ணா, கேட்டால்தான் தெரியும். கேட்பதுதான் எங்கள் தொழில்.

கோச்_மாறன், டர்பன்:
கேட்பதா? பிரஸ் மீட்டில் கேட்கிற கேள்வியைத்தான் பார்க்கிறோமே. ‘எப்படி உணர்கிறீர்கள்?’ தோற்று வந்தவரிடம் போய் எப்படி உணர்கிறீர்கள். 2021 பிரெஞ்சு ஓப்பனில் நவோமி ஒசாகா பிரஸ் மீட்டுக்கு வரமாட்டேன் என்றார், 15,000 டாலர் அபராதம் போட்டார்கள், அவர் போட்டியை விட்டே போய்விட்டார். அவருடைய காரணம் மனநலம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எங்கள் கோர்ட்டில் பழகுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் பக்கம்தான் நின்றார்கள். உருப்படியான கேள்வி வந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் பக்கமும் நாலு பேர் நின்றிருப்பார்கள். சரோ, உன் தொழில் கேட்பது என்றால், அந்தப் பையன் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? என் நம்பர் போட்டி நடத்தியவர்களிடம் இருந்தது.

கேப்டவுன்_கௌசி:
அங்கிள், நீங்கள் அவனுக்குப் போன் போட்டீர்களா?

கோச்_மாறன், டர்பன்:
நான் எதற்குப் போட வேண்டும்? எழுதியது அவன்.

பீனிக்ஸ்_சரோ:
போடுங்கள் அண்ணா, நிஜமாகத்தான் சொல்கிறேன். அடுத்த தடவை பிரிட்டோரியாவுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ போகும்போது, ஆட்டத்துக்கு முன்னாடியே நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு உயரம், என்ன பந்து, ஸ்ட்ரிங் எவ்வளவு இறுக்கம், டர்பன் பிள்ளைக்கு அது ஏன் கஷ்டம். உயரம் பற்றியதை முதல் இரண்டு வரிக்குள் வையுங்கள், ஏனென்றால் இடம் பற்றாவிட்டால் நாங்கள் கீழேயிருந்துதான் வெட்டுவோம்.

கோச்_மாறன், டர்பன்:
அனுப்புகிறேன். அப்போதும் ‘சரிந்தாள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தால்?

பீனிக்ஸ்_சரோ:
தலைப்பு நிருபர் போடுவதில்லை அண்ணா, என்னை மாதிரி மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் போடுவது. அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்கித் திட்டுங்கள், வருகிறேன்.