முழுத்தூர டிரையத்லான்: ஓட்டத்தின்போது என்ன சாப்பிடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்று முழுத்தூர டிரையத்லானுக்குத் தயாராகி வருகிறேன். சைக்கிளில் மணிக்கு 80 கிராம் கார்போஹைட்ரேட், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து, சிக்கலில்லாமல் உள்ளே போகிறது. ஓடத் தொடங்கியதும்தான் தொல்லை. ஜெல்லை (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) வாயில் வைத்தாலே குமட்டல். வயிற்றில் தண்ணீர் குலுங்குவது காதில் கேட்கிறது. ஓட்டத்தில் அளவை 50 கிராமாகக் குறைக்கலாமா, இல்லை சைக்கிளின் கடைசி அரை மணி நேரம் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அப்புறம் உப்பு. எனக்கு வியர்வை காய்ந்ததும் சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. லிட்டருக்கு எவ்வளவு சோடியம் சேர்க்கிறீர்கள்? பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு வியர்க்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் உங்கள் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.