பயறு வண்டின் செரிமான நொதியை அடைத்தாலும் புழு எப்படிப் பிழைக்கிறது?

உளுந்துமணி:
வேளாண் இளங்கலை கடைசி வருடம், கருத்தரங்குக்குத் தட்டைப்பயறைத் துளைக்கும் பயறு வண்டை எடுத்திருக்கிறேன். இதன் புழு புரதத்தைச் செரிக்க முக்கியமாக சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதிகளை நம்பியிருக்கிறது, குடலும் லேசான அமிலத் தன்மை கொண்டது. சோயாவில் இந்த நொதியை அடைக்கிற சிஸ்டாட்டின் புரதம் இருக்கிறதே, அதன் மரபணுவைத் தட்டைப்பயறுக்குள் வைத்தால் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதைச் சேர்த்த செயற்கை விதையில் புழு முதலில் மந்தமாகி அப்புறம் தேறிவிடுகிறதாம். எப்படி?

குடல்_வாசி:
அதற்கு இருப்பது ஒரே ஒரு நொதி மரபணு இல்லை தம்பி, ஒரே குடும்பத்தில் பல. தடுப்பான் உள்ளே போனதும் கத்தெப்சின் எல் வகை (இதுவும் சிஸ்டீன் புரோட்டியேஸ்தான்) மரபணுக்களில் சில பல மடங்கு கூடுதலாக வெளிப்படுகின்றன, அதிலும் எல்லாம் ஒரே அளவில் கூடுவதில்லை. இரண்டு பிரிவாகப் பார்த்தால், ஒன்று தடுப்பானிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும், இன்னொன்று தன் செயலற்ற முன்வடிவத்தைத் தானே வேகமாக வெட்டிச் செயல்படு நிலைக்கு வந்து தடுப்பானையே நறுக்கிச் செரித்துவிடும். புழு கூடுதலாகச் சுரப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். கூடவே புரதத்தைச் செரிக்கும் வேறு வகை நொதியான ஆஸ்பார்டிக் புரோட்டியேஸும் இருக்கிறது, சிஸ்டாட்டின் அதைத் தொடவே தொடாது.

பழைய_விதை:
புரதத்தை விடுங்கள், மாவுச்சத்துப் பக்கம் பாருங்கள். ராஜ்மா பீன்ஸில் உள்ள, மாவுச்சத்தைச் செரிக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை அடைக்கும் தடுப்பானைப் பட்டாணியில் வைத்தபோது பட்டாணி வண்டும் பயறு வண்டும் நன்றாகவே அடங்கின. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ அந்தப் பட்டாணியை 2005இல் கைவிட்டது, எலிகளில் நோயெதிர்ப்பு எதிர்வினை வந்தது என்பதால். 2013இல் வந்த இன்னொரு எலி ஆய்வில் மரபணு மாற்றாத சாதாரண பீன்ஸின் தடுப்பானுக்கும் அதே மாதிரி எதிர்வினை தெரிந்தது, என்னைக் கேட்டால் அவசரப்பட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. பீன்ஸையே தின்று வளரும் மெக்சிகோ பீன்ஸ் வண்டின் குடலில் உள்ள செரின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் இன்னொரு வகை நொதி) இந்தத் தடுப்பானை வெட்டிவிடும்.

உளுந்துமணி:
நன்றி அண்ணா. அப்படியானால் இரண்டு மூன்று தடுப்பான்களைச் சேர்த்து வைப்பதுதான் வழியா? சிவப்பு மாவு வண்டுக்கும் இதே கணக்குதானா?

குடல்_வாசி:
சேர்த்து வைத்தால் கூடுதல் பலன் கிடைக்கும், சிஸ்டீனோடு ஆஸ்பார்டிக் தடுப்பானையும் சேர்ப்பது நியாயமான யோசனை. மாவு வண்டில் குடலின் முன்பகுதி அமிலம், அங்கே சிஸ்டீன் நொதிகள் ஆட்சி. பின்பகுதி லேசான காரம், அங்கே செரின் நொதிகள். அதனால் ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கம் கை கொடுக்கும். 2008லேயே இதன் மரபணுத் தொகுதி வெளியாகிவிட்டது, ஒரு மரபணுவை மட்டும் அடக்கிப் பார்க்கும் ஆர்என்ஏ குறுக்கீடும் இதில் அருமையாக வேலை செய்யும், எந்த மரபணு எதற்கு என்று பார்க்க இதைவிட வசதியான தானியப் பூச்சி கிடைக்காது.

பயறு வண்டிலேயே அளக்கப் போகிறாய் என்றால் ஒன்று மட்டும்: புழுக்களை நாள் கணக்கில் எடுக்காதே, தோலுரிப்புப் பருவக் கணக்கில் எடு. தடுப்பான் தின்ற புழு பின்தங்கியே வளரும், ஒரே நாளில் எடுத்தால் பருவ வித்தியாசத்தையே மரபணு வித்தியாசம் என்று எழுதிவிடுவாய்.