மஞ்சள் எப்போ அழும்? – படப் புத்தகமும் கைவேலையும், மூணு வீட்டு அனுபவம்

மகளுக்கு அஞ்சு வயசு. லியோ லியோன்னியோட 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ'ன்னா அவளுக்கு உயிர். 1959-ல வந்த புத்தகம். ரயில்ல பேரப்பிள்ளைகளைச் சமாளிக்க, பத்திரிகைப் பக்கத்தைக் கிழிச்சு வெச்சுக்கிட்டு அவர் சொன்ன கதை. நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடிச்சுப் பச்சையாயிடும். பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. அழுது அழுது, நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமா கொட்டின பிறகுதான் பழையபடி ஆவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை வாட்டர் கலர் தீர்ந்துபோச்சு. மஞ்சள் பொடியும் துணிக்குப் போடற நீலமும் இருக்கே, போதும்னு கலக்கினேன். பச்சை எங்க வந்தது? சேத்துத் தண்ணிதான் வந்தது. எங்க வீட்டு நீலம் ஊதாப் பக்கம் சாயற சாயம். ஊதாவும் மஞ்சளும் சேர்ந்தா பழுப்புதான். எனக்கு அப்புறம்தான் உறைச்சது. பிள்ளை முகம் சுண்டிப்போச்சு.

தரையில சிந்தின மஞ்சளைச் சோப்புத் துணியால துடைச்சேன், சிவந்துபோச்சு. "அம்மா, ஆரத்தி!"ன்னு கத்தினா. அதேதான். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு செய்யற வேலையை இங்க சோப்பு செஞ்சிருக்கு.

உடனே மஞ்சளைக் குழைச்சு வெள்ளைச் சார்ட்ல பூசி, ஃபேன்ல காயவெச்சு, பொடியைத் தட்டிவிட்டோம். சோப்புத் தண்ணியில பட்ஸைத் தொட்டு அவ இழுத்தா, கோடு செங்கல் நிறத்துல எழும்புது. (பிள்ளைங்க கையில சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணுல பட்டா விபரீதம்.) வீடு, மாடு, அம்மம்மான்னு வரைஞ்சு தள்ளினவ திடீர்னு நிமிர்ந்து கேட்டா: "இது எப்போ அழும்? அழுதாத்தானே மறுபடி மஞ்சளாகும்?"

ஃப்ரிட்ஜ்ல அரை மூடி எலுமிச்சம்பழம் இருந்தது. பிழிஞ்சு சொட்டுச் சொட்டா விடச் சொன்னேன். சிவப்பு அழிஞ்சு மஞ்சள் திரும்பிச்சு. எனக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரல. உட்கார்ந்து யோசிச்சிருந்தாலும் இவ்வளவு பொருத்தமா எனக்குத் தோணியிருக்காது.

கவுன்ல பட்ட கறைதான் பாக்கி. சோப்பு போட்டா அதுவும் சிவக்குது! ரெண்டு மூணு தடவை வெயில்ல காயப்போட்டதுல மங்கிடுச்சு.

*

மேலே எழுதியது ஒரு அம்மா, நான் தாத்தா கட்சி. எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) புத்தகத்தில் புழு தின்ற இடமெல்லாம் நிஜமாகவே ஓட்டை இருக்கும். பஞ்சிங் மெஷினில் விளையாடியபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். பேரனிடமும் ஒரு பஞ்சிங் மெஷினையும் பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டையும் கொடுத்தேன். பத்திரிகை அட்டை நல்ல கனம், பழம் வெட்ட அதைவிட வாகான காகிதம் கிடையாது. கொய்யா வெட்டினான், மாம்பழம் வெட்டினான், ஓட்டை போட்டான், பச்சை நூலைப் புழுவாக உள்ளே விட்டு வெளியே இழுத்தான். ஒரு மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம்தான் தெரிந்தது, அந்தப் பத்திரிகைக் கட்டோடு அடுத்த வாரக் கல்யாணப் பத்திரிகையும் ஒன்று போயிருக்கிறது. மண்டபத்தின் பெயர் இருந்த இடத்தில் புழு. சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியில் நிஜப் புழுவைக் காட்டினேன். பறவை எச்சம் மாதிரி இருந்ததைப் பார்த்து, "இது தாத்தா புழு" என்றான்.

*

மேல ரெண்டு பேர் சொன்னதும் அருமை. ஆனா இன்னொரு அம்மாவா நான் ஒண்ணு சொல்லணும். நான் ஒவ்வொரு கதைக்கும் ஒரு கைவேலைன்னு விடாம செஞ்சேன். நாலாவது வாரம் புத்தகத்தை எடுத்ததுமே பையன், "இன்னைக்கு எதைம்மா ஒட்டணும்?"னு அலுத்துக்கிட்டான். கதை பாதியில நிக்குது, கண்ணு ஃபெவிகால் மேல. இப்போ வாரத்துக்கு ஒண்ணுதான், அதுவும் அவனாக் கேட்டா. மத்த நாள்ல மடியில உட்காரவெச்சுப் படிக்கறதோட சரி.

அந்த எலுமிச்சை வித்தையை மட்டும் இந்தச் சனிக்கிழமை செஞ்சு பார்க்கப்போறோம். பழைய பனியன் ஒண்ணு எடுத்து வெச்சாச்சு.