இடாப்பில் 41 பேர்

இலக்கம் 26, யாழ்ப்பாணம்

நல்லூர்த் தீர்த்தத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்டபம், சாப்பாடு, காசுக் கணக்கு எல்லாவற்றையும் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

1995இல் நாங்கள் இருந்த ஆண்டு 11 'ஆ' வகுப்பின் வரவு இடாப்பு இன்று எங்கேயும் இல்லை. பாடசாலை அலுவலகத்தில் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். 1996இல் ஊருக்குத் திரும்பியபோதே அலுமாரி திறந்து கிடந்தது. மழையில் ஊறிப்போனதைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. ஆகவே ஒரு புதுக் கொப்பி வாங்கி, ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். எங்கள் வகுப்பு டீச்சர் ஒருநாளும் பெயர் சொல்லி இடாப்புக் கூப்பிட்டதில்லை. ஒன்று, இரண்டு என்று நாங்களே சொல்லிக்கொண்டு போக வேண்டும். முதலில் பையன்கள் 23 பேர், பிறகு பெண்கள் 18 பேர். யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் சத்தம் அறுந்துபோகும். டீச்சர் தலை நிமிராமலே சிவப்பு மையால் வட்டம் போடுவார். சிலருடைய பெயர் எனக்கு மறந்துவிட்டது, ஆனால் இலக்கம் மறக்கவில்லை. அதனால் இங்கேயும் இலக்கத்தையே போட்டு எழுதுங்கள்.

இதுவரை 34 பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். மூவர் இப்போது இல்லை என்பது உறுதி. நான்கு இலக்கங்களுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

எங்களுக்குப் பிரியாவிடை நடக்கவில்லை. வகுப்புப் படமும் எடுக்கவில்லை. படச்சுருள் கிடைத்தால் எடுக்கலாம் என்று அதிபர் சொல்லியிருந்தார். தீபாவளி கழிந்து ஒரு வாரம். ஒக்டோபர் 30, திங்கட்கிழமை மாலை, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகளின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. வடக்கே இராணுவம் நெருங்கிவிட்டது. வலிகாமத்தின் இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. கொட்டும் மழை. குடையை மலர்த்திப் பிடித்து அதில் விழுந்த தண்ணீரைத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. அதன்பிறகு அந்த 41 பேரும் ஓர் அறையில் இருந்ததே இல்லை.

நான் கேட்பது இதுதான்: அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒருவரை முதன்முதலாக எங்கே, எப்படிக் கண்டீர்கள்? எழுதுங்கள். கொப்பியில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே அதை எழுதி வைக்கப் போகிறேன்.

நான் கண்டது 29ஐ. மீசாலையில் ஒரு கிணற்றடி. வாளிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவளின் சட்டையில் எங்கள் சீருடையின் நிறம் தெரிந்தது. சவர்க்காரம் இல்லாத காலத்தில் பனம்பழம் போட்டுத் தோய்த்துத் தோய்த்து மஞ்சள் ஏறிய வெள்ளை. திரும்பு என்று மனதுக்குள் சொன்னேன். திரும்பினாள். இரண்டு பேரும் பேசவில்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாளி வரும்வரை நின்றோம்.

இலக்கம் 11, பாரிஸ்

லா சப்பலில் 2003. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "டேய், பதினொன்று!" அது 14. எங்கள் வாங்கில் எனக்கு இடப்பக்கம் இருந்தவன். நான்கு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வந்திருக்கிறோம், வேறு வேறு நேரத்தில். இருவரும் வருகிறோம். ஒடியற் கூழ் இல்லாமல் திரும்ப மாட்டோம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இலக்கம் 33, லண்டன்

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

எனக்குப் பேச்சை மொழிபெயர்க்கும் வேலை. மருத்துவமனை, நீதிமன்றம், தஞ்சக் கோரிக்கை விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. எதிரே இருப்பவர் "நான் நடந்தேன்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "நான் நடந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் நடந்தாராம்" என்று சொல்லக் கூடாது. அவருடைய வாயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரோடு சொந்தமாக ஒரு சொல்லும் பேசக் கூடாது.

2001இல் ஒரு நேர்முக விசாரணை. தாடி வைத்த, மெலிந்த ஒருவர். பெயர் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் அந்த இரவைச் சொல்லத் தொடங்கினார். நான் என் குரலில் சொல்லிக்கொண்டு போனேன்: நான் பாலத்தடிக்கு வந்தேன், என் தாயைச் சைக்கிள் கரியரில் ஏற்றியிருந்தேன், சில்லு உருளவில்லை, தள்ளினேன். அந்த வீதியில் நானும்தான் நின்றேன். என்னுடைய கதையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்னொருவருடையதாக அதை முதன்முதலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் படித்த பாடசாலையின் பெயரைச் சொன்னார். வருடத்தைச் சொன்னார்.

நான் நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். இலக்கம் 8.

அறிந்தவர் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும், அதுவும் விதி. அதிகாரியிடம் சொன்னேன். விசாரணையை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். அவருக்கு வேறு தேதி, வேறு மொழிபெயர்ப்பாளர். அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிடத்துக்கு வெளியே மழையில் ஒரு மணி நேரம் நின்றேன், ஆனால் அவர் எந்தப் பக்கத்தால் போனார் என்று தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றே அவருடைய காரியம் முடிந்திருக்கும். காத்திருக்கும் ஆளுக்கு ஒரு நாள் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். அவர் இதை வாசிப்பார் என்று 26 சொன்னாள். வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

இலக்கம் 8, பர்மிங்ஹாம்

33க்கு.

நீர் அறைக்குள் வந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழ்த் தினப் போட்டியில் மூன்று வருடம் பேசி முதற்பரிசு வாங்கிய குரலை யார் மறப்பார்கள்? அந்த அதிகாரி பாடசாலையின் பெயரைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், உமக்குக் கேட்கட்டும் என்று. விசாரணை நின்றது என்னால். உம்மால் அல்ல.

அடுத்த தேதி வர ஆறு வாரம் ஆனது. அதுவரை இந்த நாட்டில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்த ஆறு வாரமும், நான் சொன்னதெல்லாம் உண்மை என்று அறிந்த ஓர் ஆள் இங்கே எங்கோ இருக்கிறார் என்ற நினைப்போடுதான் படுத்து எழும்பினேன். மன்னிப்புக் கேட்காதீர். கரியரில் இருந்த அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார், 81 வயது. ஒன்றுகூடலுக்கு அவரும் வருகிறார்.

இலக்கம் 4, கிளிநொச்சி

நான் அதிகம் எழுதத் தெரிந்தவன் அல்லன். 2002இல் ஏ9 பாதை திறந்த புதிதில், முகமாலைச் சோதனைச் சாவடி வரிசையில் 15ஐக் கண்டேன். நான் யாழ்ப்பாணம் போகிறேன், அவன் வன்னிக்குத் திரும்புகிறான். இடையில் ஒரு கயிறு. கயிற்றுக்கு மேலால் கை கொடுத்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோமே, அவன் வீட்டு முற்றத்தில், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். அடுத்த மாதம் வீட்டுக்கு வா என்றான். போனேன். அதன்பிறகு நான்கு வருடம் மாறி மாறிப் போய் வந்தோம். 2006 ஓகஸ்டில் பாதையைப் பூட்டினார்கள். நான் அந்த வாரம் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். 2009க்குப் பிறகு அவன் வீடு இருந்த இடத்துக்கு மூன்று தடவை போய்விட்டேன். அயலில் இருக்கிறவர்கள் எல்லோரும் புதியவர்கள். 26 வெறுமையாக விட்ட நான்கில் ஒன்று அவனுடையது. அந்த இடத்தில் வட்டம் போட்டுவிடாதே, பிள்ளை. அப்படியே விடு.

இலக்கம் 21, கும்மிடிப்பூண்டி

நேற்று இரவுதான் 11 என் தம்பி மூலம் என்னைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டான். நான் உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொடிகாமம், பிறகு கிளாலிக் கடல், பிறகு கிளிநொச்சி, மடு, பேசாலை. 2006இல் படகில் இராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் அகதி முகாமில் வைத்திருந்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். பெயின்ட் அடிக்கும் வேலை. இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். 2021இலிருந்து எங்கள் முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். கடவுச்சீட்டு இல்லாததால் ஒன்றுகூடலுக்கு வர முடியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். படம் அனுப்புங்கள், போதும்.

ஆனால் ஒரு பொருள் கொடுக்க வேண்டியிருக்கிறது. 26க்குத்தான். கடைசி மாதிரிப் பரீட்சையில் கேத்திரகணிதப் பகுதிக்கு என்னிடம் கவராயம் இல்லாமல் இருந்தேன். நீங்கள் உங்கள் கொம்பாஸ் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினீர்கள். வகுப்பு முடிந்து கொடுக்கத் தேடினேன், போய்விட்டீர்கள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று பையில் வைத்தேன். வீட்டை விட்டு ஓடியபோது அந்தப் பையைத்தான் தூக்கினேன். படகில் ஏறும்போது பாரம் குறைக்கச் சொல்லி எல்லாவற்றையும் எறிந்தோம். பிறத்தியாரின் பொருளை எப்படி எறிவது? மூடியில் கொஞ்சம் துரு. பாகைமானி உடைந்துவிட்டது, மற்றதெல்லாம் இருக்கிறது. என் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இந்தக் கவராயத்தைத்தான் கொண்டுபோனாள். உங்களிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன். யாராவது சென்னைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

இலக்கம் 26, யாழ்ப்பாணம்

21, எனக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தது ஞாபகத்தில் இல்லை. இரவு முழுவதும் யோசித்தும் வரவில்லை. அம்மா ஏசியது மட்டும் நினைவில் இருக்கிறது: புதுப் பெட்டியை ஒரு மாதத்துக்குள் தொலைத்துவிட்டாயே என்று. தொலைத்துவிட்டதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

என்னை நீங்கள் என்று எழுதாதீர். கொப்பியில் உமது இலக்கத்துக்கு எதிரே எழுதிவிட்டேன். 34 இப்போது 35.

பெட்டியை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. ஒன்றுகூடல் முடிந்ததும் படங்களையும் டீச்சர் கையெழுத்துப் போட்ட கொப்பியையும் எடுத்துக்கொண்டு நானும் 29உம் வருகிறோம். நீரும் அதில் உமது கையால் எழுத வேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். நிலையத்தில் இறங்கி முகாமுக்கு எந்தப் பக்கம் வர வேண்டும்? நடக்கலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா? மகளுக்கு ஒரு புதுப் பாகைமானி கொண்டுவருகிறேன். சின்னவனுக்கு என்ன வயது என்றும் எழுதும்.