உப்பு போட்ட சோம் தாமும் மற்ற தாய்லாந்துக் கதைகளும்

பாங்காக்குக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. யானை, கடற்கரை, மசாஜ் என்று சுற்றுலா வந்தவர்கள் எழுதியது தேவைக்கு மேலேயே இருக்கிறது. இங்கே வாடகைக்கு வீடு பிடித்து, சந்தையில் காய்கறி வாங்கி, இமிகிரேஷன் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் எழுதுங்களேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் சைவம். விமானம் ஏறும் முன் ஒரே ஒரு தாய்ச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டேன்: மாங்சவிரத். மாம்சத்தை விலக்குவது என்று பொருள், வடமொழியிலிருந்து போன சொல், நமக்கு வாயில் எளிதாக வரும். இது போதும் என்று நினைத்தேன். முதல் வாரமே எங்கள் சோய் முனையில் இருக்கும் தள்ளுவண்டிக் கடையில் சோம் தாம் கேட்டேன். (சோய் என்றால் சந்து. சோம் தாம் பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி மண் உரலில் மர உலக்கையால் இடித்துக் கொடுப்பது.) மாங்சவிரத் என்றேன். அந்த அம்மா "தாய், தாய்" என்று தலையாட்டினார், ஆகட்டும் என்று அர்த்தம். பூண்டு, மிளகாய், பனைவெல்லம், காராமணிக்காய், தக்காளி எல்லாம் உரலுக்குள் போனது. அடுத்து ஒரு கரண்டி காய்ந்த இறால். நான் பதறிக் கையை ஆட்டியதும் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப டப்பாவில் கொட்டினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பாட்டிலைக் கவிழ்த்து நாம் பிளா, அதாவது மீன் சாறு, இரண்டு சுற்று சுற்றி ஊற்றிவிட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. அவருக்கு அது மீன் இல்லை, உப்பு. நாம் ரசத்தில் பெருங்காயம் போடுவதை யாரிடமாவது சொல்லிவிட்டா போடுகிறோம்?

அடுத்த முறை "மாய் சாய் நாம் பிளா" என்று தனியாகச் சொன்னேன், மீன் சாறு போடாதீர்கள் என்று. பாட்டில் அந்தரத்திலேயே நின்றது. பின்னே எப்படி ருசிக்கும் என்று கண்ணாலேயே கேட்டார். நான் உப்பு டப்பாவைக் காட்டினேன். ஒரு சிட்டிகை போட்டு இடித்து, ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாவம் இந்தப் பிள்ளை இதைத் தின்றா உயிர் வாழ்கிறது என்று இன்னும் அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார்.

புதிதாக வரும் சைவக்காரர்கள் "ஜே" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாங்சவிரத் என்றால் முட்டை வரலாம், மீன் சாறும் நழுவி வரலாம். ஜே என்றால் சீன பௌத்த வழியில் வந்த கண்டிப்பான சைவம், எல்லோருக்கும் புரியும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் பார்த்தால் நேராக உள்ளே போகலாம், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் வரும் ஜே திருவிழாவில் தெரு முழுக்க அந்தக் கொடிதான். ஒன்று, ஜேயில் வெங்காயம், பூண்டும் கிடையாது. என் அம்மாவுக்கு அது வசதி, எனக்குச் சப்பென்று இருக்கும்.

* * *

நான் ராயோங் பக்கம். வீட்டுக்காரருக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சோம் தாம் கடை அம்மாவைப் படித்ததும் எங்கள் சந்தை அக்கா ஞாபகம் வந்துவிட்டார்.

இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரே கவலை கறிவேப்பிலை. கொத்தமல்லி வேரோடு கிடைக்கும், புளி கிடைக்கும், முருங்கைக்காய்கூடக் கிடைக்கும், இது மட்டும் கண்ணில் படவில்லை. ஊரிலிருந்து ஃபிரீசர் பையில் கொண்டுவந்த கடைசிக் கொத்தை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தக் கருத்த இலையை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போய் சந்தை அக்காவிடம் நீட்டினேன். வாங்கிக் கசக்கி மோந்து பார்த்தார். அடுத்த கடைக்காரியிடம் கொடுத்தார், அவளும் மோந்து பார்த்தாள். மூன்றாவதாக ஒரு பாட்டி கையில் போனதும் அவர் மட்டும் "ஹோம் கேக்!" என்று சத்தம் போட்டார். அடுத்த வாரம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையில் மண்ணோடு கன்று வந்து நின்றது. காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது எங்கள் வீட்டு வாசலில் என் உயரத்துக்கு மேல் நிற்கிறது.

கேக் என்றால் நாம் பிறந்தநாளுக்கு வெட்டுவது இல்லை. விருந்தாளி என்று அர்த்தம். அதே சொல்தான் இந்தியர், மலாய்க்காரர், அரபிகள் எல்லோருக்கும். ஹோம் கேக் என்றால் கேக் ஆட்களின் வாசனை இலை. மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத்துக்குக் குளுவாய் கேக் என்று பெயர், நம் பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். முதலில் என்னைக் கேக் என்று சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், மறைக்காமல் சொல்கிறேன். யார் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வசவாகவும் இருக்கும், சும்மா அடையாளமாகவும் இருக்கும். பாட்டி சொன்னது இலைக்கு.

இன்னொன்று. பெயர் தெரியாவிட்டால் மூத்தவரைப் பி, இளையவரை நோங் என்று கூப்பிடுங்கள். நம் அக்கா, தம்பி மாதிரியேதான். "பி கா" என்று கூப்பிட்டு ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

* * *

அந்தக் "கா"வில்தான் நான் மாட்டினேன்! பெண்கள் வாக்கியத்தின் முடிவில் கா சொல்ல வேண்டும், ஆண்கள் கிராப் சொல்ல வேண்டும். நான் தாய் கற்றதெல்லாம் வீட்டு ஓனர் அம்மாவிடம். நாலு மாதம் ஆபீஸ் முழுக்க "கோப் குன் கா" என்று நன்றி சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை, அழகாகச் சிரித்தார்கள், அவ்வளவுதான். மலேசியாவிலிருந்து வந்த சீனப் பையன்தான் போட்டு உடைத்தான்.

அப்புறம் இந்தத் தொனி விவகாரம். கிலாய் என்பதை ஒரே மட்டத்தில் சொன்னால் தூரம், மேலிருந்து இறக்கிச் சொன்னால் பக்கம். டாக்சிக்காரரிடம் பக்கம்தான் பக்கம்தான் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஏன் மீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் என்று பின்னால்தான் விளங்கியது.

* * *

சிரிப்புக் கதைகளுக்கு நடுவே இதை எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒருவருக்காவது உதவினால் போதும்.

நான் இங்கே ஆசிரியர், மனைவி என்னைச் சார்ந்த விசாவில் இருந்தாள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மதுரையிலிருந்து போன், மாமனார் தவறிவிட்டார். கையில் கிடைத்த நாலு புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு காலை விமானத்துக்கு ஓடினோம். வெளியே போய்த் திரும்பினாலும் விசா நீட்டிப்பு செல்லுபடியாக இருக்க முன்கூட்டியே எடுக்கும் ரீ-என்ட்ரி பர்மிட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் மண்டையில் உதிக்கவில்லை. அவள் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்த நொடியே ஒரு வருட நீட்டிப்பு காலி. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பியவள் சுற்றுலாப் பயணியாகத்தான் உள்ளே வந்தாள். திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், பள்ளிக் கடிதம், புகைப்படம் என்று எல்லாம் முதலிலிருந்து. அப்பாவை இழந்து வந்தவளை வரிசை வரிசையாக உட்கார வைத்தேனே என்று எனக்கு இன்றைக்கும் உறுத்தும்.

ஆகவே, நீட்டிப்பில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியே போகும் முன் ரீ-என்ட்ரி பர்மிட் எடுங்கள். நான் விசாரித்தபோது ஒரு தடவைக்கு 1000 பாத், பல தடவைக்கு 3800 பாத். வருட நீட்டிப்பு கிடைத்த அன்றே 3800 கட்டி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அவசரம் என்றால் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பரிசோதனை அருகிலேயே அதற்கென்று கவுண்டர் உண்டு. அதை அறிந்திருந்தால் எங்களுக்கு அரை மணி நேர வேலை. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பது வேறு, வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு ஓனர் இமிகிரேஷனுக்குத் தரவேண்டிய டி.எம். 30 படிவம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீடு பிடிக்கும்போதே ஓனர் டி.எம். 30 கொடுப்பாரா என்று கேட்டுவிடுங்கள், முழிப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000.

* * *

நான் குடியிருப்பவன் இல்லை, திருச்சியிலிருந்து பத்து நாள் வந்து போனவன். பெரிய அரண்மனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது" என்றார். அக்கறையாக ஒரு டுக் டுக்கையும் கூப்பிட்டு நிறுத்தினார், மூன்று கோயில் சுற்றிக்காட்ட வெறும் 20 பாத். அந்த 20 பாத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஊரில் ஆட்டோ ஏறிப் பழகிய நமக்கா இது? வாசல் வரை நடந்து போய்ப் பார்த்தேன், ஜேஜே என்று கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. என்னோடு விடுதியில் இருந்த வடநாட்டு ஜோடி ஏறிப் போய் நகைக்கடையில் மாட்டி, நீலக்கல் என்று எதையோ வாங்கி வந்தார்கள்.

இன்னொரு வருத்தம், காவ் யாய் தேசியப் பூங்காவில் எனக்கு 400 பாத், தாய்க்காரருக்கு 40. அவர்கள் விலையைத் தாய் எண்களில் எழுதியிருப்பதால் நமக்குத் தெரியாது. நம் ஊரில் தாஜ்மகாலில் வெள்ளைக்காரரிடம் வாங்குவதும் இதே கதைதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

* * *

தம்பி தப்பித்தது நல்லது. கல் வியாபாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவன் சொல்கிறேன், தெருவில் யாரோ கூட்டிப்போய்க் காட்டும் கடையில் கல் வாங்கவே கூடாது. நாங்களே லென்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பாங்காக்கில் சிலோம் பக்கம் வந்தால் தமிழ் பேசும் கல் வியாபாரிகள் காதில் விழுவார்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்.

சிலோம் மாரியம்மன் கோயிலைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 1870களில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. நான் வந்த புதிதில் "மாரியம்மன் கோயில்" என்று எத்தனை டாக்சிக்காரரிடம் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர்தான் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "வாட் கேக்?" என்றார். கேக் ஆட்களின் கோயில். அன்றிலிருந்து வாட் கேக்தான். விஜயதசமி இரவு வாருங்கள், சிலோம் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், அம்மன் ஊர்வலம் வரும். தெருவோரம் வரிசையாக மஞ்சள் சாமந்தியும் தேங்காயும் குவித்துப் படையல் போட்டுக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நம் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்று, பெரிய ஊஞ்சல் என்ற உயரமான சிவப்புத் தூண்களைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் பக்கத்தில் இருக்கும் தேவஸ்தானத்தையும் எட்டிப் பாருங்கள், 1784இல் கட்டிய பிராமணக் கோயில். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935இலேயே நின்றுவிட்டது. ஆனால் மார்கழியை ஒட்டி அந்தச் சடங்கு இடம்பெற்ற திரியம்பாவாய் விழா கோயிலுக்குள் இன்றைக்கும் நடக்கிறது. பெயரிலேயே திருவெம்பாவை இருக்கிறது பாருங்கள். ஒருமுறை போய் உட்கார்ந்தேன். எனக்கு மனப்பாடமான பாட்டு, ஆனால் காதைத் தீட்டிக் கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லை. எத்தனை தலைமுறை வாய் மாறி வந்த தமிழோ.

* * *

சின்னதாக ஒன்று. வந்த முதல் நாள் பால் பாக்கெட்டில் காலாவதி 2566 என்று போட்டிருந்தது. அவர்கள் பௌத்த ஆண்டு, 543ஐக் கழிக்க வேண்டும். அது தெரியாமல் என் கணவர் "எத்தனை நூற்றாண்டு கெடாமல் இருக்கும் பாலா இது" என்று கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். காப்பி இல்லாத காலை எப்படி விடிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். அன்றைக்குத் தாய்ப் புத்தாண்டான சோங்கிரான் தண்ணீர்த் திருவிழா நடந்துகொண்டிருக்கும், ஏப்ரல் 13 முதல் 15 வரை. வாளித் தண்ணீரும் கன்னத்தில் வெள்ளைச் சாந்துமாக வாட் கேக் வாசலில் போய் நின்றேன். ஐந்து வயசுப் பொடியன் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டு அனுமதி கேட்டுவிட்டு ஊற்றினான், திட்டவும் முடியவில்லை.

* * *

ஆரம்பித்து வைத்தவன் திரும்ப வந்தேன். ரீ-என்ட்ரி பற்றி எழுதியவருக்கு நன்றி, நேற்றே போய் 3800 கட்டிவிட்டு வந்தேன்.

லும்பினி பூங்கா சமாச்சாரம் ஒன்றை எழுத மறந்துவிட்டேன். முதல் மாதம், சாயங்காலம், நூறு பேருக்கு மேல் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள், நானும் மூச்சு வாங்க ஓடினேன். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் முன்னால் ஓடியவர் சட்டென்று நின்றார், நான் அவர் முதுகில் மோதினேன். தேசிய கீதம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் போடுவார்கள், எல்லோரும் அப்படி அப்படியே நிற்பார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் ஒருவர் கை உயரவில்லை. ஏரியிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு உடும்பு ஏறி வந்து, நின்றவர்கள் காலுக்கு நடுவே நிதானமாக நடந்து எதிர்ப்புறப் புல்லுக்குப் போனது. பாட்டு முடிந்தது. நான் மோதிய மனிதர் திரும்பிப் பார்த்து "மாய் பென் ராய்", பரவாயில்லை என்றுவிட்டு ஓடிப் போனார்.

சோம் தாம் அம்மா நலம். இப்போதெல்லாம் நான் தெரு முனையில் வரும்போதே உரலைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். புதிதாக யாராவது வரிசையில் நின்றால் என்னைக் காட்டி, "இது கேக் ஜே, உப்பு மட்டும் போட்டுத் தின்னும்" என்று அறிமுகம் செய்துவைக்கிறார். அவர்களும் என்னை ஒருமாதிரி பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.